சுண்ணாம்பு பத்தாத கலயம்

அன்பு மகள் முத்துச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். போனில் பேசலாமென்றால் உங்க அம்மை பக்கத்திலேயே வந்து நிற்கிறாள், அதனால்தான் கடிதம். வேலையை விட்டுவிட்டுச் சிநேகிதிகள் இரண்டு பேரோடு பெங்களூரில் சின்னதாக ஒரு பீர் ஆலை வைக்கப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து அவள் என்னிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பனையேறி வீட்டுப் பேத்தி கடைசியில அங்கதான வந்து நிக்கா" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

தொழில் மேல் எனக்குக் கோபமில்லை. வாடகை வீட்டு அடுக்களையில் 20 லிட்டர் காய்ச்சிப் பார்த்தோம் என்றாயே, அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. "விக்கலையேப்பா, நாங்கதான குடிச்சோம்" என்றாய்.

உன் தாத்தாவும் விற்கவில்லை. உடன்குடிப் பக்கம், 1976, பதநீர்க் காலம். அன்றைக்கு இறக்கிய கலயங்களில் ஒன்றில் சுண்ணாம்பு பத்தாமல் போய்விட்டது. உள்ளே தடவுகிற அந்தச் சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லையென்றால் யாரும் எதுவும் செய்யாமலே சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். ஆச்சி அதைக் காய்ச்சாமல் ஓரமாக ஒதுக்கி வைத்தாள். கொட்ட மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்து, பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசையான விடிலிக்குள் போலீஸ் வந்தது. விற்றாயா என்று கேட்கவில்லை. மோந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அபராதத்துக்கு ஆச்சியின் காதுப் பாம்படம் அடகுக்குப் போய், திரும்பாமலே போனது. மதுவிலக்கை 1971-ல் தளர்த்தி, 1974-ல் மறுபடி கொண்டுவந்து, 1981-ல் மறுபடி எடுத்தார்கள். அதே கலயம் 1982-ல் நுரைத்திருந்தால், உரிமம் கையில் இருந்தால், யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 1987 சனவரி முதல் தேதியிலிருந்து கள்ளுக்கு மறுபடி தடை. பீர் மட்டும் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. அந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் புரட்டியவன் சொல்கிறேன், கேள். அரசியல் சட்டத்தில் மாநிலங்களுக்கு விட்ட மாநிலப் பட்டியலில் மது 8-வது இனம். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. நீ இருக்கும் இடத்தில் 1965-ஆம் வருஷத்துக் கர்நாடக ஆயத்தீர்வை (எக்சைஸ்) சட்டம். விற்க மட்டுமல்ல, தயாரிக்கவே உரிமம் வேண்டும். மது வியாபாரம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. அரசாங்கம் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அடுக்களைப் பானையை இன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிடு.

அங்கே சின்ன ஆலை என்பது தனியாக முளைப்பதில்லை. மது விற்கும் உரிமம் உள்ள பார், ஹோட்டல், கிளப் மாதிரி இடத்தோடு ஒட்டித்தான் வரும். பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அது வேறு உரிமம், வேறு முதலீடு. "லைசென்ஸ் அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார், அவர் பேர்ல நாம நடத்தலாம்" என்று யாராவது வந்தால் ஓடிவிடு. பேர் ஒருத்தருக்கு, பணம் இன்னொருத்தருக்கு என்றிருந்தால் உரிமம் ரத்தாகிற அன்றைக்கு உன் டாங்குகள் வெறும் இரும்பு. உரிமத்தில் பங்குதாரராக உங்கள் பேர் ஏற வேண்டும், அதுவும் ஆயத்தீர்வைத் துறை அனுமதியோடு.

ஆலைக்குப் பார்த்த இடத்துக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார் என்றாயே இடத்துக்காரர், அவசரப்படாதே. பள்ளிக்கூடம், கோயில், ஆஸ்பத்திரி எதுவும் 100 மீட்டருக்குள் இருக்கக்கூடாது. நீயே டேப் பிடித்து அளந்து பார், தெரு முனைச் சின்னக் கோயிலைக்கூட விடாதே. உரிமம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கு.

மற்றதெல்லாம் அலைச்சல்தான், பயமில்லை. தண்ணீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981, இரண்டின் கீழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவ ஓர் இசைவு, நடத்த ஓர் இசைவு. பிறகு தீயணைப்பு, மாநகராட்சி. உணவுப் பாதுகாப்பு உரிமம். அதன் 2018 விதிகளில் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம்தான் உச்சம். பீர் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், பாத்திரத்துக்கும், முளைகட்டிய பார்லியான மால்ட்டுக்கும் கட்டுகிற ஜிஎஸ்டியை பீர் விற்பனையில் கழிக்க முடியாது. இதைக் கணக்கில் சேர்த்தீர்களா? சேர்த்திருக்க மாட்டீர்கள்.

தண்ணீர் இன்னொன்று. ஒரு லிட்டர் பீருக்கு நாலு லிட்டருக்கு மேலே போகும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த உனக்கு அது பெரிதாகத் தெரியாது. 2024 கோடையில் பெங்களூர் டேங்கர் லாரிக்குக் காத்து நின்றதை நீ பார்த்தவள்தானே.

ஒப்பந்தத் தாள் வந்ததும் கையெழுத்துப் போடாமல் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. அம்மை இரண்டு கிலோ கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள். யாருக்கென்று சொல்லவில்லை, ஆனால் பெங்களூர் பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதுதான் கேட்டாள்.

அப்பா
பாளையங்கோட்டை