முள்ளை நம்பும் முன்: மாதவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாதவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பேலோ ஆல்டோவில் நான்கு பேர் சேர்ந்து வாங்கிய செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் உனக்கும் ஒரு பங்கு என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, வீடே அமைதியாக இருக்கிறது. அதனால் உன் கேள்விகளுக்கு ஆற அமர எழுத முடிகிறது.

விமானத்தின் பேனலில் இருப்பது கார்மின் 430டபிள்யூ என்ற பழைய வழிகாட்டிப் பெட்டி, அதை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. 430 வந்தது 1998-இல். பிறகு ஜிபிஎஸ்ஸை இன்னும் துல்லியமாக்கும் வாஸ் திருத்தத்தோடு டபிள்யூ வந்தது. 2011-இல் தொடுதிரை உள்ள 650 அதன் இடத்தைப் பிடித்தது. வயதானதுதான், ஆனாலும் பேச ஒரு ரேடியோ, தரை நிலையங்களின் வழிகாட்டும் அலைகளைப் பிடிக்கும் விஓஆர்-ஐஎல்எஸ் ரிசீவர் (விஓஆர் திசை காட்ட, ஐஎல்எஸ் ரன்வேயில் இறங்க), ஜிபிஎஸ் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதில் ஆளைக் கவிழ்ப்பது ஒன்றுதான்: விஓஆர்-ஐஎல்எஸ்ஸுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் சேர்த்து, பாதையிலிருந்து எவ்வளவு விலகினாய் என்று இண்டிகேட்டரில் காட்ட ஒரே முள். முள் இப்போது யார் சொல்லைக் கேட்கிறது என்பது திரையின் அடிவரியில் சின்ன எழுத்தில் மட்டுமே இருக்கும். முதலில் அந்த வரியைப் படி, பிறகு முள்ளைப் பார்.

ஆன் செய்வதிலிருந்து தொடங்குகிறேன். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு மின்னணுக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் ஏவியானிக்ஸ் மாஸ்டர் சுவிட்ச், அதன்பின் இடது மேல் மூலையில் உள்ள 'சி' குமிழ். டேட்டாபேஸ் தேதி வரும். 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, பார்த்துவிட்டு என்டர். அடுத்து வரும் சோதனைப் பக்கத்தைப் பலர் பார்க்காமலே தட்டிவிடுகிறார்கள். தூரம் 10.0, நேரம் 4 நிமிடம், வேகம் 150 என்று பெட்டி தானே சில எண்களைப் போட்டுக்கொண்டு, முள்ளுக்கும் 'இடப்பக்கம் பாதி போ, டூ (நோக்கி) கொடி காட்டு' என்று உத்தரவு அனுப்பும். உத்தரவு இன்னதென்று உனக்கு முன்கூட்டியே தெரிவது அந்தச் சில விநாடிகளில் மட்டும்தான். முள் பாதி இடத்தில் நிற்கவில்லை என்றால் கோளாறு இண்டிகேட்டரிலோ வயரிங்கிலோ இருக்கிறது. அதைத் தரையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இடப்பக்கக் குமிழ்கள் ரேடியோவுக்கு. பெரியது மெகாஹெர்ட்ஸ், உள்ளே இருக்கும் சின்னது கிலோஹெர்ட்ஸ். நீ திருப்புவது எப்போதும் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை எண்ணைத்தான். பேலோ ஆல்டோ டவரின் 118.6-ஐ வைத்துவிட்டு, இரண்டு எண்களையும் இடம் மாற்றும் ஃப்ளிப்-ஃப்ளாப் பொத்தானை அழுத்தினால்தான் அது பேசும் எண்ணாக மேலே ஏறும். சின்னக் குமிழை உள்ளே அழுத்தினால் கர்சர் கீழே விஓஆர்-ஐஎல்எஸ் எண்ணுக்கான வி-லாக் கட்டத்துக்குப் போகும். அங்கே விஓஆர் எண். இங்கே ஒரு பொறி உண்டு. வி-லாக் கட்டத்தில் 30 விநாடி ஒன்றும் செய்யாமல் விட்டால் கர்சர் தானாக மேலே பேசும் ரேடியோவின் காம் கட்டத்துக்குத் திரும்பிவிடும். நடுவில் கன்ட்ரோலர் கூப்பிட்டு, பதில் சொல்லிவிட்டு நீ திருகலைத் தொடர்ந்தால், விஓஆருக்குப் பதிலாகப் பேசும் ரேடியோவின் ஸ்டாண்ட்பை எண்ணைக் கலைத்துக்கொண்டிருப்பாய். கை வைக்கும் ஒவ்வொரு முறையும் கர்சர் எங்கே என்று பார்.

'சி' குமிழை அழுத்தினால் இரைச்சலைத் தடுக்கும் ஸ்குவெல்ச் திறந்து இரைச்சல் கேட்கும். யாரும் பேசாத நேரத்தில் ஒலியளவு வைக்க அதுதான் வழி. காம் ஃப்ளிப்-ஃப்ளாப்பை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் நேராக அவசர எண்ணான 121.5. மைக் பொத்தான் சிக்கிக்கொண்டால் 35 விநாடியில் பெட்டியே ஒலிபரப்பை நிறுத்திவிடும். 'நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது யோக்கில் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடியில்) இருக்கும் அந்தச் சுவிட்ச்.

நீ அடுத்து சலினாஸ் போகப்போவதாக எழுதியிருந்தாயே, அதையே எடுத்துக்கொள்வோம். டைரக்ட்-டு பொத்தான், வலப்பக்கச் சின்னக் குமிழால் எழுத்து, பெரியதால் அடுத்த இடம். சலினாஸ் தளத்தின் குறியீடு: கே, எஸ், என், எஸ். என்டர் இரண்டு முறை. முதல் என்டர் 'இந்த ஊர்தானா' என்பதற்கு, இரண்டாவது 'கிளம்பலாமா' என்பதற்கு. ஒன்றோடு நிறுத்திவிட்டால் பெட்டி பழைய இடத்துக்கே வழி காட்டிக்கொண்டிருக்கும்.

மொத்தம் ஐம்பது நாட்டிகல் மைலுக்குக் கொஞ்சம் மேல். முதல் பாதியில் அடிவரியில் 'இஎன்ஆர்' (நடுவழி) என்று இருக்கும். அப்போது முள் முழுதாக ஒதுங்கினால் 2 மைல் விலகல். சலினாஸ் 30 மைல் வாக்கில் நெருங்கும்போது அது 'டெர்ம்' (தளத்தை நெருங்கும் கட்டம்) ஆகும், முழு ஒதுக்கம் 1 மைல். பாதையிலிருந்து 0.8 மைல் தள்ளி இணையாகப் பறந்துகொண்டிருந்தாய் என்று வை. பக்கத்துக்கு ஐந்து புள்ளி உள்ள அளவுகோலில் இரண்டு புள்ளியில் நின்ற முள் மெல்ல நாலாவது புள்ளிக்கு நகரும். விமானம் அசையவில்லை, அளவுகோல்தான் மாறியது. அது தெரியாதவர்கள் காற்று தள்ளுகிறது என்று நினைத்து மூக்கைத் திருப்பிவிடுவார்கள்.

இப்போது முள் யார் சொல்லைக் கேட்பது என்பதை மாற்றும் சிடிஐ பொத்தானை அழுத்து. 'ஜிபிஎஸ்' போய் 'வி-லாக்' வரும். 117.3-இல் சலினாஸ் விஓஆர். அதன் அடையாளம் மோர்ஸில் மூன்று குறில், ஒரு நெடில் ஒரு குறில், மறுபடி மூன்று குறில் என்று காதில் விழ வேண்டும் ('வி' குமிழை அழுத்தினால்தான் அந்த ஒலி வரும், போகும்). இப்போது முழு ஒதுக்கம் மைல் கணக்கு அல்ல, 10 டிகிரி. முப்பது மைல் தொலைவில் அது ஐந்து மைலுக்கு மேல். ஆறு மைலில் ஏறக்குறைய ஒரே மைல். இன்னொன்று, வி-லாக்கில் இண்டிகேட்டரில் திசை வைக்கும் ஓபிஎஸ் வளையத்தைத் திருப்பினால் முள் அசையும், ஜிபிஎஸ்ஸில் அசையாது. அங்கே பெட்டி சொல்லும் டிடிகே (போக வேண்டிய திசை) எண்ணை வளையத்தில் நீயாகவே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்கு ஒரு திசையும் முள்ளுக்கு ஒரு திசையுமாகக் குழப்பும்.

கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி ஆரம்பிக்கிறாய் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இறங்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் ப்ரொக் பொத்தானில் சலினாஸ் 31-ஆம் ரன்வேயின் ஐஎல்எஸ்ஸைத் தேர்ந்தால் அதன் எண் வி-லாக் ஸ்டாண்ட்பையில் மட்டும்தான் விழும். ஃப்ளிப்-ஃப்ளாப் உன் வேலை, அடையாளம் கேட்பதும் உன் வேலை. முள்ளை வி-லாக்குக்கு மாற்றுவதைப் பெட்டி தானே செய்யும் ஏற்பாடு உண்டு. ஆனால் இறுதிப் பாதைக்கு இருபுறமும் 1.2 மைலுக்குள், இறுதி ஃபிக்ஸுக்கு (கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளிக்கு) முன்னால் 15-இலிருந்து 2 மைல் வரையிலான தூரத்தில் இருந்தால் மட்டுமே. கன்ட்ரோலர் உன்னை அந்தப் புள்ளிக்கு நெருக்கமாகத் திருப்பிவிட்டால் மாறாமல் போகலாம். மாறாவிட்டாலும் ஜிபிஎஸ் அதே கோட்டை வரைந்து முள்ளை நடுவில் நிறுத்திவைக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். இறங்கும் சரிவைக் காட்டும் கிளைட்ஸ்லோப் மட்டும் உயிர் பெறாது. அது எப்போது இறங்கி வரும் என்று காத்திருப்பவன் உயரத்தில் ஏமாந்துபோவான்.

பெட்டியிலும் ஓபிஎஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதன் மேல் இரண்டு விதமான எழுத்து வரும். 'ஓபிஎஸ்' என்றால் நீ அழுத்தியது. கைதவறி அழுத்தியிருந்தால் கடந்துபோன இடத்தையே பெட்டி பிடித்துக்கொண்டிருக்கும், அடுத்ததற்குப் போகாது. 'சஸ்ப்' என்றால் பெட்டி தானே நின்றது, மிஸ்டு அப்ரோச் புள்ளியில் (ரன்வே தெரியாவிட்டால் இறங்காமல் மேலே ஏற வேண்டிய இடத்தில்) வழக்கமாக. ஏறத் தொடங்கி, விமானம் நிலைப்பட்ட பிறகு ஓபிஎஸ்ஸை ஒருமுறை அழுத்து. மிஸ்டு வழி வரும்.

அருகில் உள்ள விமானத்தளம் அவசரமாக வேண்டுமா? வலப்பக்கப் பெரிய குமிழை வலது கடைசிவரை, சின்னதை இடது கடைசிவரை திருகு. திரையைப் பார்க்காமலே போய்ச் சேரலாம். அங்கே டவர் எண்மேல் கர்சரை வைத்து என்டர் தட்டினால் காம் ஸ்டாண்ட்பைக்கு வந்துவிடும்.

மாற்ற வேண்டியது பெட்டியையா என்பதற்குக் கடைசியாக: ஒலிபரப்புச் சக்தி குறைக்கப்பட்டது என்ற செய்தி வருகிறதா என்று உன் பங்காளிகளிடம் கேள். பெரும்பாலும் அது சூடு அல்லது குறைந்த வோல்டேஜ். பேனலுக்குப் பின்னால் குளிர்விக்கும் விசிறியும் ஆல்டர்னேட்டரும் பார்த்தால் தீர்ந்துவிடும். குமிழ் ஒரு சொடுக்குக்கு இரண்டு எண் தாண்டுகிறது என்றால் தேய்மானம், அதற்குப் பட்டறைதான். கார்மின் இந்தப் பெட்டிக்கு விண்டோஸ் கணினியில் ஓடும் சிமுலேட்டரை இலவசமாகக் கொடுத்திருந்தது. தேடி எடுத்துப் போட்டுக்கொள். பெட்ரோல் செலவில்லாமல் சிடிஐ, ஓபிஎஸ் இரண்டையும் விரல் பழகும்வரை அழுத்திப் பார்க்கலாம்.

இரண்டாவது ரேடியோ என்ன மாடல் என்று நீ எழுதவில்லை. அதையும், ஆடியோ பேனல் எது என்பதையும் எழுது. மோர்ஸ் கேட்க ஆடியோ பேனலில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி