சபோனிஸின் குதிகாலும் கைகளும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் கூடைப்பந்து அணியின் சென்டர் பையன், அதாவது கூடைக்கருகே ஆடும் உயரமானவன், குதிகால் வலியோடு ஆடுகிறான், இந்தப் போட்டி முடியும்வரை ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கூடைப்பந்து வீரர் அர்விதாஸ் சபோனிஸை நினைத்துப் பார்.

லித்துவேனியாவின் கௌனஸில் 1964-இல் பிறந்தவர், 221 செ.மீ. உயரம். அவ்வூர் ஜல்கிரிஸ் அணி 1985, 86, 87 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மாஸ்கோ ராணுவ அணியை வீழ்த்தி சோவியத் சாம்பியன் ஆனது அவரை வைத்துத்தான். கிளப் முடிந்தால் சோவியத் தேசிய அணி, ஓய்வே கிடையாது. 1986-இல் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநார் அறுந்தது. 1987-இல் மறுபடியும்.

ஒருமுறை அறுந்தது ஏன் திரும்ப அறுகிறது? நார் ஒட்டிக்கொள்ளும், வலியும் போய்விடும். ஆனால் அதற்குள் கெண்டைக்கால் தசை சூம்பியிருக்கும். குதித்து இறங்கும்போது அந்தத் தசை உள்வாங்க வேண்டிய அதிர்ச்சியை அது சரியாக உள்வாங்காததால் நாருக்குச் சுமை கூடுகிறது. இன்றைக்கு அறுந்த நாருக்கு 9 முதல் 12 மாதம் கொடுக்கிறார்கள். நாள்கணக்கு மட்டும் போதாது: ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 25 முறை முழுதாக உயர்த்த முடிகிறதா, மற்றக் காலுக்குச் சமமாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். சபோனிஸோ 1988-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சிகிச்சை எடுத்த கையோடு சியோல் ஒலிம்பிக்கில் இறங்கினார். அரையிறுதியில் அமெரிக்காவை 82–76 என்று வென்று, தங்கமும் வாங்கினார்கள். அதற்கு அவர் கால்கள் கொடுத்த விலை அதிகம் என்பதே என் எண்ணம்.

வலடோலிட், ரியல் மாட்ரிட் என்று ஸ்பெயினில் ஆடி 1995-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பிறகுதான், 30 வயதில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போனார். எக்ஸ்-ரேயைப் பார்த்த, அவர் சேர்ந்த போர்ட்லாந்து அணியின் மருத்துவர், இதைக் காட்டியே மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை வாங்கலாம் என்றாராம். அந்தக் காலோடு முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது)!

அது அவரால் எப்படி முடிந்தது என்பதைத்தான் உன் பையனுக்குக் காட்ட வேண்டும். கூடைக்கு எதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டருகே வந்து பந்தை வாங்குவார். வாங்கியதும் தலைக்கு மேல் பிடிப்பார். பந்தைத் தரையில் தட்டுவது கிடையாது. இடுப்புக்கு இறக்கினால் பக்கத்திலிருக்கும் எதிரணியின் குட்டையான வீரன் தட்டிப் பறித்துவிடுவான். உயரமான பையன்கள் எல்லாரும் செய்யும் தப்பு அது. தூரத்திலிருந்தும் கூடையில் போடக்கூடியவர் என்பதால் எதிரணி சென்டர் வெளியே வந்தே ஆக வேண்டும், கூடைக்கடியில் இடம் காலியாகும். சக வீரன், தன்னைத் தடுக்கும் டிஃபெண்டர் பந்தைத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, அந்த நொடியில் அவன் முதுகுப்பக்கமாகக் கூடையை நோக்கி வெட்டி ஓட வேண்டும்; சபோனிஸ் பாஸ் கொடுப்பார். முந்தினால் பாஸ் வராது. பிந்தினால் உதவிக்கு இன்னொரு டிஃபெண்டர் வந்துவிடுவான். குதிக்கவே தேவையில்லாத ஆட்டம் இது. 2003–04-இல் ஜல்கிரிஸுக்குத் திரும்பி, 39 வயதில் ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோலீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதுகளை இப்படி ஆடித்தான் பெற்றார்.

ஆட்டத்தை விட்ட பிறகும் கூடைப்பந்தை விடவில்லை. 2011-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். அடுத்த மாதமே கௌனஸில் ஆடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு. பிழைத்து எழுந்து, அதே ஆண்டு லித்துவேனியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். 2021 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மகன் டொமன்டாஸ் என்பிஏவில் அதே இடத்தில் நின்று பாஸ் கொடுக்கிறான், பார்த்திருப்பாய்.

பையனை முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டு. அவர் சம்மதித்தால், நின்ற இடத்திலிருந்தே இந்தப் பாஸைப் பழகட்டும். மருத்துவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்