சூரிலிருந்து: பலகை முதலில், வங்கு பிறகு

சூர், ஓமன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வெயில், சாப்பாடு, சம்பளம் எல்லாம் அம்மாவுக்கு எழுதியாயிற்று. நீங்கள் கேட்ட கப்பல் கட்டும் பட்டறைச் சங்கதி மட்டும் இதில்.

மரம் நம் பக்கத்துத் தேக்குதான். முன்பெல்லாம் கோழிக்கோடு, பேப்பூரிலிருந்து பாய்க்கப்பலிலேயே வந்தது. வங்குக்கு, அதாவது பலகையை உள்ளிருந்து தாங்கும் விலா மரத்துக்கு மட்டும், இங்கே வளரும் கருவேல், இலந்தை. வளைந்தே வளர்ந்த கொப்பாகத் தேடி எடுக்கிறார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் ரேகை அறுபட்டு, அலை மோதும் இடத்தில் முறியும்.

வரைபடம் கிடையாது. ஏரா என்னும் அடிமரம் போட்டு, முன்னும் பின்னும் கால்மரம் நிறுத்தியதும் பலகை ஏறுகிறது. அடிப்பலகை சில வரிசை ஏறிய பிறகுதான், அந்த வளைவுக்குத் தக்கபடி வங்கைச் செதுக்கி உள்ளே பொருத்துவார்கள். ஆக, கப்பலின் உருவம் முதல் பலகைகளின் சாய்விலேயே முடிவாகிவிடும். அங்கே ஓடாவி, அதாவது தலைமைத் தச்சர், கண் தப்பினால் கப்பல் காலத்துக்கும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும்.

ஆணிக்கு வில் துரப்பணம். துளை ஆணியைவிட ஒரு நூல் குறைவு: பெரிதானால் பிடிக்காது, துளையே போடாமல் அடித்தால் தேக்கு பிளக்கும். தலைக்கடியில் எண்ணெய்ப் பஞ்சுத்திரி சுற்றித்தான் அடிக்க வேண்டும். அதை மிச்சம் பிடித்தால் உப்புநீர் இறங்கி ஆணி துருவேறும். பிறகு துரு சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்து மென்மையாக்கிவிடும். கலப்பத்துக்கும், அதாவது பலகை இடுக்கை அடைப்பதற்கும், பஞ்சும் எண்ணெயும்தான்.

நீர்மட்டத்துக்குக் கீழே, சுண்ணாம்பும் கொழுப்பும் காய்ச்சிக் கையாலேயே பூசுவது வழக்கம். மேலே சுறா எண்ணெய். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. சில மாதத்துக்கு ஒருமுறை, கடல் பெரிதாக ஏறும்போது கப்பலைக் கழிமுகத்தில் ஏற்றி, நீர் வற்றியதும் சுரண்டி மறுபூச்சு. பூச்சு விட்ட இடத்தில் மரம் துளைக்கும் கடற்புழு ஏறினால் வெளியே ஊசித்துளைதான் தெரியும், உள்ளே தேன்கூடு.

பழைய நாளில் கப்பல் கட்டியவரே வியாபாரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் பஸ்ராவுக்குப் போய்ப் பேரீச்சம்பழம் ஏற்றுவார்கள். வாடைக்காற்று எடுத்ததும் மலபார் அல்லது கிழக்கு ஆப்பிரிக்காவின் லாமு, சான்சிபார். திரும்பும்போது ஆப்பிரிக்கக் கழிமுகங்களில் வளரும் கண்டல் மரக் கம்புகள், கூரைக்கு. அந்தக் கம்பின் நீளத்துக்கு மேல் அறை அகலம் போகாது. வளைகுடாப் பழைய வீடுகளின் ஒடுக்கத்துக்குக் காரணம் அதுதான். அடிமை வியாபாரமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் சோதனைக்குத் தப்பச் சூர்க்காரர்கள் பிரெஞ்சுக் கொடி ஏற்ற, வழக்கு ஹேக் நகரச் சர்வதேச நடுவர் மன்றம்வரை போய் 1905ல் தீர்ப்பாயிற்று.

கணக்கு இப்படி: சரக்கு ஏற்றிய வாடகையில் சாப்பாட்டுச் செலவு கழித்துப் பாதி கப்பலுக்கு, பாதி ஆட்களுக்குப் பங்கு. காற்றைத் தவறவிட்டால் ஒரு பருவம் முழுக்க முதல் முடங்கும். சரக்கு விலை விழுவதைவிட முதலாளிகள் பயந்தது அதற்குத்தான்.

இப்போது புதுக்கட்டு குறைவு, பழுதுபார்ப்பே அதிகம். கைவேலை பெரும்பாலும் மலையாள ஆட்கள். 1951ல் இங்கே கட்டி ஏமனுக்கு விற்ற ஃபத்ஹுல் கைர் கப்பலை 1993ல் ஊர்க்காரர்களே திரும்ப வாங்கிக் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அங்கே கலப்பத்துக்கு இப்போது எந்த எண்ணெய் விடுகிறீர்கள்? பதிலில் எழுதுங்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மகன்