நேரம் கொடுத்தவர்களுக்கு

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று அடித்தே பழகிய கை இது. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டம் என்றால் பத்து மணிக்குள் ஏழெட்டு மனுவாவது அடித்துக் கொடுத்திருப்பேன். 'ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று முடிக்கத் தெரியும். ஆவன செய்தவர்களுக்கு நன்றி எழுதத்தான் ஏழு மாதம் ஆகிவிட்டது. யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் போடாதீர்கள் என்றார்கள். மீதிப் பேரின் பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவே இல்லை.

என் தங்கைக்கு 32ஆவது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. மாப்பிள்ளை குவைத்தில். வழக்கமாகக் காட்டும் நர்சிங் ஹோமுக்குத்தான் முதலில் ஓடினோம். 'பிழைத்தாலும் ரெண்டு மாசம் கண்ணாடிப் பெட்டி, ஒரு நாளைக்கு 15 ஆயிரம், முதலில் அட்வான்ஸ் கட்டுங்க' என்றார்கள். கட்டணத்தைக்கூட மன்னித்துவிடுவேன். அவள் முகத்துக்கு நேராகச் சொன்ன அந்தப் 'பிழைத்தாலும்' இன்னும் காதில் இருக்கிறது.

கடலூர் அரசு மருத்துவமனையில் அந்த ராத்திரி டியூட்டியில் இருந்த நர்ஸ் அக்காவுக்கு முதல் நன்றி. டாக்டர் எழுதிக்கொடுத்த கையோடு தங்கைக்கு ஊசி போட்டார். 34 வாரத்துக்கு முன்னால் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலை வலுப்படுத்துகிற ஸ்டீராய்டு ஊசி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 'பிறந்த பிறகு தூக்கிட்டு ஓடறதைவிட வயித்துக்குள்ளயே கொண்டுபோறதுதான் நல்லது, கிளம்புங்க' என்று புதுச்சேரிக்கு அனுப்பியதும் அவர்தான். 108 பைலட் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்பாக 'அக்கா, புடிச்சுக்கோங்க' என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். கன்னியக்கோயிலிலிருந்து தவளக்குப்பம் வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று அன்றைக்குத்தான் எண்ணினேன்.

மறுநாள் விடியற்காலையில் மருமகன் பிறந்தான். 1,380 கிராம். என் கடையில் ஒரு கட்டு ஏ4 தாள் 2 கிலோ 300 கிராமுக்கு மேல் இருக்கும். அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் அவன். பிறக்கும்போது இரண்டரை கிலோவுக்குக் குறைந்தாலே எடைக்குறைவு என்கிறார்கள்.

மூக்கில் மூச்சுக்கான குழாய் இருந்தபோதே அவனைத் தூக்கித் தங்கையின் மாரில் போட்டார்கள். எனக்குப் பகீரென்றது. பெட்டியில் வைக்க வேண்டிய பிள்ளையை ஏன் வெளியே எடுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அதைப் பொறுத்துக்கொண்ட அந்த இளம் டாக்டருக்கு என் மன்னிப்பும் நன்றியும் சேர்த்து. உட்காரவைத்துச் சொன்னார். 1978இல் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள், நோய்த்தொற்று வேறு. எட்கர் ரே என்ற டாக்டர் பிள்ளைகளைத் தாயின் வெறும் மாரோடு கட்டிக்கொள்ளச் சொன்னார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். வெகுகாலம் குழந்தை ஓரளவு தேறிய பிறகுதான் இதைத் தொடங்குவார்களாம். 2021இல் வெளிவந்த ஆய்வு அதை மாற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளை வைத்துச் செய்தது. தேறட்டும் என்று காத்திருந்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7. உடனே மாரில் போட்ட பிரிவில் 12. நம் ஊர் டெல்லி ஆஸ்பத்திரிப் பிள்ளைகளும் அதில் உண்டு. 'பெட்டி இல்லாததால் கண்டுபிடிச்ச வழிதான் சார், ஆனா பெட்டி இருந்தாலும் இதுதான் நல்லது' என்றார்.

அப்புறம் கணக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்குக் குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரமும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது அது. இதற்கு மருந்துச் செலவில்லை, கருவிச் செலவில்லை. ஆனால் ஒரு ஆள் அசையாமல் உட்கார வேண்டும். பிள்ளை பெற்று இரண்டே நாளான உடம்பு, வீட்டில் நாலு வயதுப் பெண், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கையால் பால் பீய்ச்சும் வேலை. தங்கை எங்கே எட்டு மணி நேரம் உட்காருவது?

இங்கேதான் புதுச்சேரி ஆஸ்பத்திரியின் ராத்திரி சிஸ்டர் வருகிறார். 'மாமன் சும்மாதானே நிக்கறீங்க, சட்டையைக் கழட்டுங்க' என்றார். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா 'ஆம்பளை மாருல என்னம்மா சூடு இருக்கும்' என்று முணுமுணுத்தது. சிஸ்டர் காதில் வாங்கவே இல்லை. குளித்துவிட்டு வரச் சொன்னார், பவுடர், சென்ட் கூடாது என்றார், நகத்தைப் பார்த்தார், மோதிரத்தையும் செயினையும் கழற்றவைத்தார். ஓரமாகத் திரை போட்டு ஒரு சாய்வு நாற்காலி. தொப்பியும் காலுறையும் அரைத்துணியும் மட்டும் போட்டிருந்த மருமகனை என் மாரில் நிமிர்த்திக் கவிழ்த்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சு தடைபடாமல் தாடையைக் கொஞ்சம் தூக்கிவைத்து, காலைத் தவளை மாதிரி மடக்கி, துணியால் சேர்த்துக் கட்டினார். முதல் பத்து நிமிஷம் நான் மூச்சே விடவில்லை. 'நீங்க விடுங்க சார், அப்பதான் அவன் விடுவான்' என்றார். குறைமாதப் பிள்ளைகள் நடுவில் மூச்சுவிட மறந்துபோகுமாம். நெஞ்சு ஏறி இறங்குவது அதற்கு ஒரு ஞாபகமூட்டல். கொழுப்பு இல்லாத உடம்பில் சூடும் நிற்காது, குடிக்கிற பாலெல்லாம் சூட்டுக்கே செலவாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்தார்: 36.8 டிகிரி செல்சியஸ், இருக்க வேண்டிய சூடுதான். அம்மாவிடம் போய்க் காட்டினார். அதற்குப் பிறகு அம்மா எனக்குப் போட்டியாக நாற்காலிக்கு வரிசையில் நின்றது.

ஒரு விரலை மட்டும் வளைத்து என் மார்முடியைப் பிடித்துக்கொள்வான். சுள்ளென்று வலிக்கும். எடுத்துவிட மனசு வராது.

சிஸ்டர், யார் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று நீங்கள் எழுதிய அந்தப் பேப்பர் என்னிடம்தான் இருக்கிறது. கேட்காமலே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன், தொழில்தோஷம். அதில் எங்கள் மூன்று பேரின் பேர்தான் இருக்கிறது. எழுதாமல் விட்ட ஆட்கள் நிறைய. 29 நாளும் கடையைத் திறந்து, ஒரு மனுகூடத் தவறாமல் அடித்து, அன்றாட வசூலைப் பைசா சுத்தமாக எழுதிவைத்த டைப்பிங் அக்கா. முதுநகரில் தங்கை பெண்ணுக்குத் தலைபின்னி பால்வாடிக்கு அனுப்பிய எதிர்வீட்டு அத்தை. ஒருநாள் தவறாமல் முதல் பஸ்ஸில் கேரியர் கொடுத்தனுப்பிய பெரியம்மா, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து தந்த அந்தக் கண்டக்டர். குவைத்தில் ஓவர்டைம் முடித்து வந்து, வீடியோ காலில் பேசாமல் சும்மா பார்த்துக்கொண்டே இருந்த மாப்பிள்ளையையும் சேர்க்க வேண்டும். நீங்கள் எல்லோரும் கொடுத்தது மணிக்கணக்கு. அதைத்தான் நாங்கள் மருமகனுக்குக் கொடுத்தோம்.

பக்கத்துப் படுக்கையில் பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர். இரட்டைப் பிள்ளைகள். ஒன்று அவர் மாரில், மற்றது மாமியார் மாரில். தங்கை கையால் பால் எடுக்கத் தெரியாமல், மாரில் பால் கட்டிக்கொண்டு அழுதபோது, கட்டைவிரலை எங்கே வைத்து எப்படிப் பின்னால் அழுத்தி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆறாம் நாள் அவருடைய பிள்ளைகளில் ஒன்று போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் வந்து மற்ற பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தங்கை எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியாமல்தான் இந்த மடல் இத்தனை நாள் தள்ளிப்போனது.

மருமகன் முதலில் 1,270க்கு இறங்கிப் பயமுறுத்தினான். பிறகு குழாயில் 2 மில்லி, 5 மில்லி என்று ஏறி, பாலாடைச் சங்குக்கு மாறி, 29ஆம் நாள் 1,750இல் வீட்டுக்கு வந்தான். வீட்டிலும் கட்டிக்கொண்டோம். வாரம் ஒருமுறை தராசோடு வந்து எடை பார்த்த நர்ஸம்மா, 'இன்னும் ரெண்டரை ஆகலை, அவிழ்க்காதீங்க' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போவார். ஆன அன்றைக்கு அவனே உதைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இப்போது 6 கிலோ 400.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், மனு எழுதுகிறவன் புத்தி. எங்களுக்குச் சாய்வு நாற்காலி கிடைத்தது. அடுத்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்த தாய்மார்களையும் பார்த்தேன். அதில் எட்டு மணி நேரம் யாராலும் முடியாது. குழந்தை பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்குவதற்குப் பதில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காதுகுத்துக்கு மாமன் மடி என்பது வழக்கம். எனக்கு மார் முந்திக்கொண்டது, மடி இனிமேல்தான். திருவந்திபுரத்தில் மொட்டையும் காதுகுத்தும் வைக்கிறோம். தேதி குறித்ததும் சொல்லி அனுப்புகிறேன். ராத்திரி சிஸ்டர், அன்றைக்கு டியூட்டி போட்டுக்கொள்ளாதீர்கள். டைப்பிங் அக்கா, அன்றைக்குக் கடை லீவு.

இப்படிக்கு,
தாய்மாமன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.