பிர்குவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் மெர்சிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. போனில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பெரிதாக்கிப் படித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய்: "எங்க பாத்தாலும் ஒரே கல்லா இருக்குப்பா. மரம் இல்ல, ஆறு இல்ல. ஒருத்தரையும் தெரியாது. வேலைக்குப் போறேன், வர்றேன், தூங்குறேன்." அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். கப்பலில் ஏறிய முதல் வருஷம் நானும் அப்படித்தான் வீட்டுக்கு எழுதினேன். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வராமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் மால்டாவில் நீ வீடு எடுத்திருப்பது பிர்குவில் என்று கேட்டதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. அது எனக்குத் தெரிந்த ஊர், மகளே.

1987இல் எங்கள் கப்பல் பக்கத்து ஊரான போர்ம்லாவில் பழுதுபார்க்க டிரை டாக் ஏறியது. மூன்று வாரத்து வேலை என்றார்கள். முதலாளி பணம் கட்டவில்லை, எங்களுக்குச் சம்பளமும் வரவில்லை, மூன்று மாதம் அங்கேயே கிடந்தோம். சாயங்காலம் ஆனால் கால் தானாகப் பிர்குப் படித்துறைக்கு நடக்கும். நீ இன்றைக்குப் பணக்காரர்களின் பாய்மரப் படகுகளைப் பார்க்கிறாயே, அதே படித்துறைதான்.

முதலில் தரையைச் சொல்கிறேன். மூன்று தீவுகளையும் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான் அந்த நாடு. பெரிய தீவு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. தென்மேற்கில் டிங்லிப் பக்கம் போனால் செங்குத்துப் பாறை, 250 மீட்டருக்கு மேல். அங்கே ஒரு தோணிகூட ஒதுங்க முடியாது. வடகிழக்கில் நிலம் சரிந்து இறங்குகிறது. பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது. அப்படி மூழ்கிய பள்ளத்தாக்குதான் உன் வாசலில் இருக்கிற கிராண்ட் ஹார்பர். மாடியில் ஏறிப் பார், விரல் விரலாக நிலம் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு விரல் பிர்கு, அடுத்த விரல் இஸ்லா, எதிர்க்கரையில் நீளமாக இன்றைய தலைநகரம் வலேட்டா. நம் தூத்துக்குடியில் கப்பல் நிற்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டி, ஆளுக்கு நாலு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கை கட்ட வேண்டியிருந்தது. அங்கே கடவுளே கட்டிக் கொடுத்திருக்கிறார்.

ஒரே ஒரு குறை, துறைமுகத்தின் வாய் வடகிழக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவில் இருந்து அடிக்கிற காற்றை அங்கே கிரிகால் என்பார்கள். குளிர்காலத்தில் அது அடித்தால் அலை நேரே உள்ளே வரும். அதைத் தடுக்கத்தான் 1903இல் தொடங்கி வாயில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் அப்போஸ்தலர் சின்னப்பர் (பவுல்) ரோமைக்குக் கைதியாகப் போனபோது கப்பல் உடைந்து அந்தத் தீவில்தான் கரையேறினார். அவரை அலைக்கழித்ததும் இதே காற்றுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஜன்னலை அப்போது சாத்தி வை. உனக்கு லேசில் சளி பிடிக்கும்.

ஆறு இல்லை என்கிறாயே, உண்மைதான், ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு அங்கே ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்து மழைத் தண்ணீருக்குத் தொட்டி வெட்டினார்கள். வெட்டி எடுத்த கல்லிலேயே மேலே வீடு கட்டினார்கள். அந்தத் தேன் நிறக் கல்லுக்கு ஃபிராங்கா என்று பெயர். வெட்டும்போது மென்மையாக இருக்கும், ரம்பத்தாலேயே அறுக்கலாம். உப்புக் காற்று பட்டுப்பட்டுப் பழைய சுவரில் தேன்கூடு மாதிரிக் குழி விழுந்திருக்கும். ஒருநாள் கையால் தடவிப் பார், மாவாக உதிரும். கோட்டைச் சுவரின் வெடிப்பில் பச்சையாகத் தொங்குகிற செடியும் கண்ணில் படும். அது கேப்பர். அதன் மொட்டைப் பறித்து உப்பில் ஊறப்போட்டுச் சாப்பிடுவார்கள். கல்லில் இருந்து உணவு எடுக்கிற ஊர் அது.

இனி ஊரின் கதை. வலேட்டாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வலேட்டா வெறும் பாறையாக இருந்த காலத்திலேயே பிர்கு இருந்தது. முனையில் ஒரு கடற்கோட்டை, அதை ஒட்டி மாலுமிகளும் மீனவர்களும் இருந்த குடியிருப்பு. கோட்டையைச் சார்ந்த ஊர் என்கிற பொருளில் இத்தாலிய மொழியில் போர்கோ என்றார்கள், அது பிர்கு ஆயிற்று. 1522இல் துருக்கியர் ரோட்ஸ் தீவைப் பிடித்ததும் ஸ்நாபக அருளப்பர் சபையின் நைட்டுகள் என்கிற போர்வீரத் துறவிகள் ஏழு வருஷம் இடமில்லாமல் அலைந்தார்கள். 1530இல் சார்லஸ் பேரரசர் மால்டாவைக் கொடுத்தார், வருஷத்துக்கு ஒரு வல்லூறு வாடகை. அப்போது தலைநகரம் உள்நாட்டில், இம்தினாவில். கடலை விட்டு இருக்க முடியாதவர்கள் என்பதால் நைட்டுகள் பிர்குவில் இறங்கினார்கள்.

நர்ஸான நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அந்தச் சபை வாள் எடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரி நடத்திய சபை. எருசலேமுக்கு வந்த யாத்திரிகர்களில் நோய்ப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அது தொடங்கியது. பிர்குவுக்கு வந்த இரண்டு மூன்று வருஷத்திலேயே அங்கே ஒரு ஆஸ்பத்திரி கட்டிவிட்டார்கள். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. சாந்தா ஸ்கொலாஸ்திகா தெருவில் பெனடிக்ட் சபைக் கன்னியர்கள் இருக்கிற மடம் அதுதான். நோயாளிகளை "எங்கள் எஜமானர்கள்" என்று அழைப்பது அவர்கள் வழக்கம். பின்னால் வலேட்டாவில் கட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளித் தட்டில் சாப்பாடு போட்டார்கள், உயர்குடியில் பிறந்த நைட்டுகளே முறைவைத்துப் பரிமாறினார்கள். நீ இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வரும்போது அந்தத் தெரு வழியாக ஒருமுறை நடந்து போ.

அவர்களைப் புனிதர்களாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே நைட்டுகளின் கேலி (galley) என்கிற துடுப்புப் போர்க்கப்பல்களில் துடுப்பு வலித்தது சங்கிலி போட்ட அடிமைகள். உன் படித்துறை ஓரத்தில்தான் அந்தக் கப்பல்கள் கட்டிக் கிடந்தன. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 1551இல் துருக்கியர் பக்கத்துக் கடற்படைத் தலைவர் துர்குத்தின் படை வந்து கோசோ தீவின் சனங்களை, ஏறக்குறைய 5,000 பேரை, அப்படியே அடிமைகளாகக் கொண்டுபோனது. இந்த துர்குத்தும் ஒரு காலத்தில் ஜெனோவாக்காரர்களிடம் அகப்பட்டுத் துடுப்பு வலித்தவர். நைட்டுகளின் தலைவர் லா வலெட்டும் ஒரு வருஷம் அந்தப் பக்கத்துக் கப்பலில் அடிமையாக இருந்தவர். துடுப்புத் தழும்பு கையில் உள்ள இரண்டு கிழவர்கள் 1565இல் எதிரெதிரே நின்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

1565 மே 18இல் துருக்கிக் கப்பல்கள் தெரிந்தன. 30,000க்கும் மேற்பட்ட படை. இந்தப் பக்கம் ஆறாயிரம், ஏழாயிரம் பேர், அதில் ஏறக்குறைய பாதி மால்டாக்காரர்கள். எதிர்முனையில் இருந்த சாந்த் எல்மோ கோட்டை சில நாளில் விழும் என்று நினைத்தார்கள். ஜூன் 23 வரை நின்றது. துர்குத் அங்கேதான் அடிபட்டுச் செத்தார். அப்புறம் பீரங்கிகள் எல்லாம் பிர்கு மேலும் இஸ்லா மேலும் திரும்பின. பிர்குக் கோட்டை முனையிலிருந்து இஸ்லா வரை தண்ணீர்மேல் கனமான இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். இஸ்லாவின் மறுகரையில் கடலுக்குள் கம்பு நட்டு வேலி. அதை வெட்ட எதிரிகள் கோடரியோடு நீந்தி வந்தார்கள். மால்டாப் பையன்கள் கத்தியோடு குதித்து, நீந்திக்கொண்டே சண்டை போட்டு அவர்களை விரட்டினார்கள். உன் தாத்தா சங்கு குளித்தவர். தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கையையும் காலையும் ஆட்டுவது என்ன பாடு என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? லா வலெட்டின் தொப்பியும் வாளும் மட்டும் பிர்குவில் சூசையப்பர் சிற்றாலயத்தில் பத்திரமாக இருக்கின்றன.

சுவர் இடிந்த இடத்தில் பெண்களும் பிள்ளைகளும் கல் சுமந்து அடைத்தார்கள். ஆகஸ்டு முழுக்க அப்படி. கடைசியில் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்து, செப்டம்பர் 8இல் முற்றுகை முடிந்தது. நம் வேளாங்கண்ணி மாதா திருநாள். அங்கே இன்றைக்கும் அது வெற்றி நாள், விடுமுறை.

அதற்குப் பிறகு எதிர்முனையில் வலேட்டா எழுந்தது, 1571இல் நைட்டுகள் அங்கே குடிபோனார்கள். பிர்குவுக்கு வித்தோரியோசா, வெற்றி நகரம் என்று பட்டம் கொடுத்தார்கள். சனங்கள் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை, பிர்கு என்றுதான் சொல்கிறார்கள். 1798இல் நெப்போலியன் வந்தார், இரண்டு வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்களை விரட்டிவிட்டு ஆங்கிலேயர் வந்தார்கள். கேலிக் கப்பல் நின்ற இடம் ஆங்கிலக் கடற்படைத் தளமாயிற்று. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்ததும் கிழக்கே போகிற கப்பல் எல்லாம் அங்கே நிலக்கரி ஏற்றியது. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலிச் சண்டையில் அடிபட்டவர்களைக் கப்பல் கப்பலாக அங்கே இறக்கினார்கள். மத்தியதரைக் கடலின் செவிலி என்று தீவுக்கே பெயர் வந்தது. உன் வேலையின் பெயர்தான்.

இப்போது அந்தப் படகுக்காரரைச் சொல்ல வேண்டும். டைசா என்கிற சின்னப் படகு ஓட்டி வலேட்டாவுக்கு ஆள் ஏற்றுகிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் சம்பளமில்லாமல் நிற்பது ஊருக்கே தெரியும். ஒருநாள் படித்துறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிளந்தார். தக்காளியைப் பாதியாக அறுத்து, ரொட்டி சிவக்கும்வரை தேய்த்தார். தோலை மட்டும் தூக்கிப் போட்டார். மேலே ஒலிவ எண்ணெய், உப்பு, நாலு கேப்பர், கொஞ்சம் சூரை மீன். பாதியை என் கையில் வைத்தார். "ஹொப்ஸ் பிஸ்ஸெய்த்" என்றார். வளைகுடாத் துறைமுகங்களில் நான் பொறுக்கிய அரபியில் ஸெய்த் என்றால் எண்ணெய். "எண்ணெயா?" என்று அரபியில் கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் பாஷை அரபிக்கு உறவு, எழுதுவது மட்டும் ரோமன் எழுத்தில். கடலுக்கு பஹர், துறைமுகத்துக்கு மர்சா. கோயிலில் ஆண்டவரை அல்லா என்றுதான் கூப்பிடுகிறார்கள், தவக்காலத்துக்கு ரன்தான் என்று பெயர். அதற்குப் பிறகு தினமும் அவர் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் சிறுபிள்ளை. 1941 ஜனவரியில் ஆங்கிலேயரின் இலஸ்ட்ரியஸ் என்கிற விமானந்தாங்கிக் கப்பல் அடிபட்டு வந்து இஸ்லாவுக்கு அந்தப்பக்கம் நின்றது. அதைக் குறிவைத்து 16ஆம் தேதி ஜெர்மானியர் குண்டு போட்டார்கள். கப்பல் பிழைத்துப் போய்விட்டது, பிர்கு, இஸ்லா, போர்ம்லா மூன்று ஊரும் நொறுங்கின. பிர்குவில் லாரன்ஸ் கோயில் சக்கிரீஸ்தில், அதாவது சாமியார் பூசை உடை மாற்றுகிற அறையில், ஒதுங்கியிருந்த 35 பேர் ஒரே குண்டில் போய்விட்டார்கள். அவர் அதைச் சொல்லும்போது கோயில் பக்கம் திரும்பவே இல்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாறைக்குள் குடைந்த பதுங்கறையில் வாழ்க்கை, வரிசையில் நின்று சூப். 1942 ஆகஸ்டு 15இல், மாதா விண்ணேற்பு நாளில், ஒஹாயோ என்கிற எண்ணெய்க் கப்பல் மூழ்கப்போகிற நிலையில் இரண்டு பக்கமும் போர்க்கப்பல் தாங்க உள்ளே வந்தது. கரையெல்லாம் சனம் நின்று அழுததாம். பட்டினி கிடந்த தீவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டு பதினான்கு சரக்குக் கப்பல் புறப்பட்டு ஐந்துதான் வந்து சேர்ந்தன. அந்த மாலுமிகளை நினைத்துத்தான் எனக்கு ரொட்டி கொடுத்ததாக அவர் சொன்னார்.

ஆங்கிலக் கடற்படை கடைசியாக விடைபெற்றதும் உன் படித்துறையில்தான், 1979 மார்ச் 31. அங்கே நிற்கிற வெண்கலச் சிலைகள் அதற்கானவை. ஒருவர் கைகுலுக்கி விடைபெறுகிற மாதிரி இருக்கும்.

வருகிற செப்டம்பர் 8 உனக்கு லீவு கிடைத்தால் அறையிலேயே படுத்துவிடாதே. மத்தியானம் துறைமுகத்தில் படகுப் போட்டி நடக்கும். ஊருக்கு ஒரு படகு, பிர்குப் படகு வரும்போது சனம் தொண்டை கிழியக் கத்தும். நீயும் சேர்ந்து கத்து. பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "மேலா" என்று சொல். நம் "சரி"க்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் அது. எதற்கும் பொருந்தும். பதிலுக்கு ஒருவராவது சிரிப்பார்கள்.

அந்தப் படகுக்காரர் இப்போது உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். பெயரை எழுதி அனுப்பவில்லை, போனில் சொல்கிறேன். படித்துறையில் இன்றும் டைசா ஓட்டுகிற ஒருவர் இருவர் இருப்பார்கள், கேட்டுப் பார். இடது கையில் சுண்டுவிரல் இல்லாதவர் என்று சொன்னால் தெரியும். குடும்பத்தில் யாராவது இருந்தால், தூத்துக்குடியிலிருந்து வந்த இந்தியக் கப்பல்காரன் பாதி ரொட்டி கடன் வைத்திருக்கிறான் என்று சொல்.

அம்மா கருவாடும் மிளகாய்ப்பொடியும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் ஊருக்கு வந்து திரும்புகிற உன் சிநேகிதி வீட்டு விலாசத்தை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா