முந்திரிக்கொத்துக்கு எத்தனை கிலோமீட்டர்

தேரூர்

அன்பு மகளுக்கு,

தொலைபேசியில் அழைத்தால் நீ மூச்சு வாங்க, "ஓடிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்கிறாய். பிறகு அழைக்கும்போதும் "நன்றாக இருக்கிறேன்" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. கடிதத்தை யாரும் ஓடிக்கொண்டே படிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். அப்பா நலம். பருவமழை பிடித்துவிட்டது, குளம் பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. மற்ற செய்திகளைச் சின்னம்மை சொல்லியிருப்பாள்.

உன் கணைக்கால் எலும்பில் வலி இருப்பதும் அவள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. வலி வந்து வாரக்கணக்கில் ஆகிறதாம். காலில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு நீ அப்படியும் ஓடுகிறாயாம். இதைக் கேட்டவுடன் அப்பா வர்ம ஆசானிடம் எண்ணெய் வாங்கி அனுப்புவதாகப் புறப்பட்டார். நான் தடுத்துவிட்டேன். சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் அந்த எண்ணெய் போதும்; உன் பாட்டா அதை நம்பியே எண்பது வயதுவரை வயல் வரப்பில் நடந்தார். ஆனால் எலும்பின் மேல் ஒரே இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் சுளீரென்று வலிக்கிறது என்றால், அது ஓயாத அதிர்ச்சியால் எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கக்கூடும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மறுநாளே காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பாதே. எலும்பு மருத்துவரிடம் போ.

சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நீ வந்திருந்தபோதே இதைப் பேசியிருக்க வேண்டும். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். உனக்குப் பிடிக்கும் என்று சின்னம்மை விடிய விடிய உட்கார்ந்து பயறு வறுத்துத் திரித்து, பாகு காய்ச்சி, முந்திரிக்கொத்து சுட்டாள். நீ ஒன்றை எடுத்தாய். பாதியைப் பிட்டுத் தட்டில் வைத்தாய். மீதிப் பாதியைத் தின்னும் முன் கைபேசியில் ஏதோ தட்டிப் பார்த்தாய். "இதற்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று உன் மாமா மகன் விளையாட்டாகக் கேட்டான். நீ விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னாய். மறுநாள் வில்லுப்பாட்டு முடிந்து ஊர் உறங்கப்போன நேரத்தில், இருட்டோடு எழுந்து சுசீந்திரம் சாலையில் ஓடிவிட்டு வந்தாய். வியர்வையில் நனைந்து வாசற்படியில் உட்கார்ந்த உன் முகத்தில் களைப்பு இருந்தது. ஓடிய மகிழ்ச்சியை நான் காணவில்லை. கூட்டுறவு வங்கியில் தவணை கட்டிவிட்டு வருகிறவர்களின் முகம்தான் அது. தின்றதெல்லாம் கடன், ஓடுவதெல்லாம் வட்டி என்று யார் உனக்கு எழுதிக் கொடுத்தார்கள்?

முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்தியவள் என்பதால் உன் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும் என்பது சரிதான். ஆனால் ஒரு சாதாரண மனிதர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, அவர் சும்மா படுத்திருந்தாலும் செலவாகிவிடும். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது போகிறது, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நீ தட்டில் ஒதுக்கி வைத்த அந்தப் பாதி முந்திரிக்கொத்து, நீ ஓடாமல் இருந்திருந்தாலும் உனக்கு உரியதுதான். இன்னொன்றையும் சொல்கிறேன். தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை அளந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாள் முழுவதும் நடக்கிற அவர்களும், உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேலைநாட்டுக்காரர்களைப் போலவே ஏறத்தாழ செலவிடுகிறார்கள் என்று அதில் தெரியவந்தது. நாம் அதிகமாக ஓடினால் உடல் வேறெங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பதே அதற்குப் பலர் சொல்லும் விளக்கம். அந்தச் சிக்கனம் எங்கே பிடிக்கப்படுகிறது என்பதுதான் என் கவலை; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உன் கைக்கடிகாரம் இரவு ஒன்பது மணிக்குமேல் அதிர்ந்தால் நீ கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே நடந்து நடந்து பத்தாயிரம் அடியை நிரப்புவதைப் பார்த்தேன். அந்தப் பத்தாயிரத்தை எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து முடிந்த மறு ஆண்டில், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது அந்த எண். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வேறு: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அதோடு தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளாவது. நீ இரண்டு நாளிலேயே அதை முடித்துவிடுகிறாய். மீதி நாட்களில் யாருக்காக ஓடுகிறாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஓடுவதே தவறு என்று நான் சொல்வதாக நினைக்காதே. அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்டப் போட்டியில் நீ ஓடியதை இன்றும் ஊரில் சொல்லிப் பெருமைப்படுகிறவள் நான். கடைசிக்கு முந்தினவளாக வந்துவிட்டு, முதலாவதாக வந்த பெண்ணைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டு நீ வந்து நின்றாய். மருந்துவாழ்மலையில் எங்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு ஏறுவாய். சங்குத்துறைக் கடற்கரையில் இருட்டும்வரை ஓடிப் பிடித்து விளையாடுவாய். அப்போது உன் கையில் கடிகாரம் இல்லை. வீட்டுக்கு வந்தவுடன் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்பாய். அந்தப் பெண்ணைத்தான் நான் தேடுகிறேன்.

உன் பெரியப்பா சிவாலய ஓட்டம் போன கதை உனக்குத் தெரியும். மகா சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை, திற்பரப்பு, பொன்மனை, கல்குளம் என்று 12 கோயில்கள், 100 கிலோமீட்டருக்கும் மேல். காவித் துண்டும் பனையோலை விசிறியுமாக, "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு கூட்டத்தோடு ஓடுவார். வழியெல்லாம் யார் யாரோ சுக்குநீரும் பானகமும் கஞ்சியும் கொடுப்பார்கள். அவர் ஒன்றையும் மறுக்கமாட்டார். யார் முந்தினார்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. முடியாதவர் நடக்கிறார், அதற்கும் முடியாதவர் வண்டியில் வருகிறார். திரும்பி வந்தபின் பெரியம்மை காலுக்கு எண்ணெய் போட்டுவிட, பெரியப்பா நாட்கணக்கில் திண்ணையை விட்டு இறங்கமாட்டார். அதற்காக அவர் வெட்கப்பட்டதுமில்லை. "அதுவும் விரதம் இருந்து உடலை வருத்துவதுதானே, அதை மட்டும் புகழ்கிறாயே" என்று நீ கேட்பாய். கேள்வி நியாயமானதுதான், வெறும் துளசியும் இளநீருமாகச் சிலர் கிடப்பதை நானும் ஏற்பதில்லை. ஆனாலும் அந்த ஓட்டத்துக்கு ஒரு முடிவு உண்டு. திருநட்டாலம் வந்தால் நிற்கலாம். உன் ஓட்டம் எந்தக் கோயிலில் முடிகிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இனப்பெருக்க மண்டலப் பாடத்தை அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் தயங்காமல் நடத்தியவள், சொந்த மகளிடம் ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் இருக்கிறேன். கொடைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாய். அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமைகூட நீ கோயிலுக்கு வர மறுக்கவில்லை. அலமாரியின் கீழ்த் தட்டில் நீ வாங்கி வைத்த பொட்டலம் பிரிக்கப்படாமலே இருக்கிறது.

பாடமாகவே சொல்லிவிடுகிறேன். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடல் தனக்கு அவசரமில்லாதவற்றை முதலில் நிறுத்துகிறது; மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் கட்டளை குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, மாதம் தவறுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும். ஓட்டக்காரப் பெண்களுக்குக் கணைக்காலிலும் பாதத்திலும் விரிசல் விழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014இல் இதற்கென்று ஒரு பெயர் வைத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று எச்சரித்தது. உடல் மெலிந்து போகாமலும் இது வரலாம். ஆகவே "எடை சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லித் தப்பிக்காதே. மாதம் தவறுவது கடினமாகப் பயிற்சி செய்கிறாய் என்பதற்குச் சான்றிதழ் இல்லை. எலும்பு மருத்துவரிடம் போகும்போதே மகப்பேறு மருத்துவரையும் பார்த்துவிடு. ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல். அவர்கள் கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல். என்னிடம் சொல்ல வேண்டாம், அவர்களிடம் சொல்.

தை மாதம் வந்துபோனவர்களைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் காப்பித் தட்டை வாங்கும்போது உன்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதற்கு மறுவாரம்தான் நீ அந்தக் காலணிகளை வாங்கினாய் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்காக உன் எலும்பை ஏன் தேய்க்கிறாய் என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். "அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்பாய். சம்பந்தமில்லாமலே இருக்கட்டும். தரகரிடம் இருந்த உன் ஜாதகத்தையும் புகைப்படத்தையும் அப்பா போன வாரம் நேரில் போய்த் திருப்பி வாங்கி வந்துவிட்டார். நீயாகச் சொல்லும்வரை இந்த வீட்டில் அந்தப் பேச்சு வராது. அவர் இதை உன்னிடம் சொல்லமாட்டார்; அதனால் நான் சொல்கிறேன்.

மக்களே, கால் சரியாகும்வரை ஓடாமல் இருந்தால் உனக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல் மனம் அரிக்கும். அது வந்தால் அதற்கும் மருத்துவம் உண்டு. நீ இருக்கும் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் அனுமதித்தால் நீந்தலாம். பழையாற்றில் அப்பா உனக்குக் கற்றுத்தந்தது மறந்திருக்காது. அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீந்து. வேளைக்குச் சாப்பிடு. மட்டிப்பழமும் சின்னம்மை கொடுத்த முந்திரிக்கொத்தும் வரும் சனிக்கிழமை ஊருக்கு வந்து திரும்புகிற எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். பழம் காயாகத்தான் இருக்கும், பழுத்தபின் தின்னு.

எந்த மருத்துவரிடம், எந்தத் தேதியில் போகிறாய் என்பதை மட்டும் ஒரு வரியாவது எழுது. அந்தத் தேதிக்கு முந்தின நாள் நாகர்கோவிலில் இருந்து ரயில் ஏறுவதற்கு அப்பா இப்போதே தயாராக இருக்கிறார். வர வேண்டாம் என்றால் அதையும் அவரிடமே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா