பிரவுசருக்குள் கரைந்துபோன லைப்ரரிகளை எழுதியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஓப்பன் சோர்ஸில் பிரண்ட்எண்ட் லைப்ரரிகளும் (வெப்சைட்டின் திரைப் பக்கத்துக்கான ஆயத்த கோட்) கருவிகளும் எழுதிக் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நான் சாப்பிடும் சோற்றில் உங்கள் உழைப்பும் இருக்கிறது.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு தமிழ் இதழின் பழைய வெப்சைட்டைப் புதுப்பிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. அதிலிருந்த லைப்ரரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பாதிக்கு மேல் எதற்கும் மாற்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அவை செய்துகொண்டிருந்த வேலையை இன்று பிரவுசரே செய்கிறது. இப்போது இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் உங்கள் பெயரைக் கேள்விப்படாமலே வேலை கற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி ஜான் ரெசிக்குக்கு. 2006 ஜனவரியில் நியூயார்க்கில் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவதை எளிதாக்கும் ஜேக்வெரி லைப்ரரியை நீங்கள் வெளியிட்டபோது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 (ஐஇ 6) பிரவுசர் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டுமென்றால் மற்ற பிரவுசர்களுக்கு ஆட்ஈவன்ட்லிசனர் என்ற கட்டளை, ஐஇக்கு மட்டும் அட்டாச்ஈவன்ட். சர்வரிலிருந்து தகவல் வாங்க ஐஇ 6-ல் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸைக் கூப்பிட வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு கோட். இதையெல்லாம் $ என்ற ஒரு டாலர் குறிக் கட்டளைக்குள் மூடிவைத்தீர்கள். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மட்டும் தெரிந்த டிசைனர்கள்கூட தைரியமாக ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வந்தார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு இன்னொரு கடனும் உண்டு. ஜேக்வெரியின் ஆவணப் பக்கங்களில் ஒவ்வொரு வசதிக்கும் கீழே ஓட்டிப் பார்க்கிற மாதிரி உதாரணம் இருக்கும். ஆங்கில விளக்கம் பிடிபடாத இடத்திலும் உதாரணம் பிடிபட்டது.

அப்புறம் இதே வேலைகளைச் செய்யும் குவெரிசெலக்டர், கிளாஸ்லிஸ்ட், ஃபெட்ச் என்று ஒவ்வொன்றாகப் பிரவுசருக்குள்ளேயே வந்தன. இதை ஜேக்வெரியின் வீழ்ச்சி என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் துளியும் உடன்பாடில்லை. இப்படி எழுதத்தான் மக்களுக்கு வசதி என்று நீங்கள் காட்டிய பாதையில்தான் பிரவுசர்கள் வந்து சேர்ந்தன.

அதே 2006-ல் பிரவுசருக்குள்ளேயே தப்பைத் தேடும் கருவியான ஃபயர்பக்கைக் கொடுத்த ஜோ ஹியூவிட்டுக்கும் நன்றி. அதற்கு முன் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க வரிக்கு வரி அலெர்ட் (திரையில் எழும் செய்திப் பெட்டி) போட்டுக்கொண்டிருந்த காலம். இன்று எந்தப் பிரவுசரிலும் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' அழுத்துகிற கை, நீங்கள் பழக்கிய கை.

அடுத்து, தேதி நேரத்தைக் கையாளும் மொமென்ட் லைப்ரரியின் குழுவினர். உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் தேதியைக் கையாள்வது எவ்வளவு தொல்லை என்று செய்தவர்களுக்குத் தெரியும். ஜனவரிக்கு எண் 0, டிசம்பருக்கு 11. மொமென்ட் அந்தத் தொல்லையைத் தீர்த்ததோடு பல மொழிகளில் தேதி பேசியது, தமிழ் உட்பட. அந்தத் தமிழ்க் கோப்பை முதன்முதலில் திறந்து பார்த்தபோது கண்ணை நம்ப முடியவில்லை. ஏஎம், பிஎம் போட வேண்டிய இடத்தில் யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை! தொல்காப்பியம் படித்தவர்களுக்குத் தெரிந்த அதே ஆறு சிறுபொழுதுகள். இரவு 2 மணி முதல் 6 வரை வைகறை, பிற்பகல் 2 முதல் 6 வரை எற்பாடு என்று நாலு நாலு மணி நேரமாகப் பிரித்து, ஒரு ஃபங்ஷனில் எழுதி வைத்திருந்தார் யாரோ ஒரு தன்னார்வலர். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவுமில்லை. அந்த நல்ல மனசுக்கு என் தனி வணக்கம்.

2020 செப்டம்பரில் மொமென்ட் குழு இன்னொரு காரியம் செய்தது. எங்கள் லைப்ரரி அளவில் பெரியது, அதன் வடிவமைப்பும் பழையது, புதிய வேலைகளுக்கு இனி வேறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று தாங்களாகவே அறிவித்தார்கள். லக்சன், டே ஜேஎஸ், டேட்-எஃப்என்எஸ் என்று மாற்றுகளின் பெயரையும் சொன்னார்கள். உலகமே பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது இப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்! அந்த அறிவிப்பை எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேருபவர்களுக்கு இன்றும் படிக்கக் கொடுக்கிறேன்.

டெனிஸ் புஷ்கரேவ், உங்களுக்கு நன்றி சொல்லும்போது மனசு கொஞ்சம் கனக்கிறது. புதிய ஜாவாஸ்கிரிப்ட் வசதிகள் பழைய பிரவுசர்களிலும் ஓட வேண்டுமென்று கோர்-ஜேஎஸ் லைப்ரரியை ஆண்டுக்கணக்கில் பராமரித்து வருகிறீர்கள். செபாஸ்டியன் மெக்கன்சி 2014-ல் தொடங்கிய பேபல் என்ற கருவி ஜாவாஸ்கிரிப்டின் புதிய இலக்கணத்தைப் பழையதாக மாற்றித் தந்தது. பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை உங்கள் கோட் நிரப்பியது. அந்த இதழின் வாசகர்கள் பழைய போன்களில் படித்தது உங்கள் புண்ணியத்தில். ஆதரவு தாருங்கள், இதை எழுதியவர் வேலை தேடுகிறார் என்று இன்ஸ்டால் ஆகும்போது ஒரு சிறு குறிப்பைக் காட்டினீர்கள். அதற்காக உங்களைத் திட்டித் தீர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் நீங்கள் எழுதிய நீண்ட கட்டுரையை வாசித்தபோதுதான் முழு வலியும் புரிந்தது. நீங்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. உலகத்துக்கே இலவசமாக உழைத்தவர் கூலி கேட்டால் அதற்குப் பதில் வசை என்பது அநியாயம்.

சிஎஸ்எஸ் பக்கம் வருகிறேன். ஃப்ளோட், கிளியர்ஃபிக்ஸ் என்ற பழைய உத்திகளைப் போட்டு, பக்கத்தில் மூன்று பத்தியை (காலம்) அருகருகே சமமாகச் சம உயரத்தில் நிறுத்தப் பட்ட பாட்டுக்கு 2017 மார்ச்சில் விடிவு வந்தது. ஃபயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் அந்த ஒரே மாதத்தில், பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அமைக்கும் கிரிட் வந்துவிட்டது. குரோமுக்கு அடிப்படையான குரோமியத்திலும் சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட்டிலும் அதை எழுதியவர்கள் ஸ்பெயின் நாட்டு இகாலியா நிறுவனத்தார். அதற்குப் பணம் கொடுத்தது புளூம்பெர்க். இரு தரப்புக்கும் நன்றி. வருவதற்கு முன்பே உதாரணம் உதாரணமாகப் போட்டுச் சொல்லிக் கொடுத்த ரேச்சல் ஆண்ட்ரூவுக்கும் நன்றி.

திரைப் பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். எழுதிய கோடை வேகமாகத் தொகுத்து ஓட்டிக் காட்டும் கருவிகளான எஸ்பில்ட்டை எழுதிய இவான் வாலஸுக்கும் வீட் தந்த இவான் யூவுக்கும் ஒரு வார்த்தை: சேவ் செய்த மறுகணமே மாற்றம் திரையில் தெரிவதால் எங்கள் நாள் எவ்வளவோ லேசாகியிருக்கிறது.

கடைசியாக, யூனிகோடில் உழைக்கும் தமிழ்த் தன்னார்வலர்களும் பல மொழிகளுக்கான பிரவுசரின் இன்டல் வசதிகளை எழுதியவர்களும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டில் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தலைப்பைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டச் சொன்னால் 'கோவில்' போய் 'கோவ' என்று நிற்கும். எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் இன்டல் செக்மென்டரிடம் கேட்டால் சரியாக 3 எழுத்து என்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸிலும் அது வந்துவிட்டதால் முக்கியமான எல்லா பிரவுசர்களிலும் இப்போது கிடைக்கிறது. அந்த இதழின் தலைப்புகளை இனி எழுத்து உடையாமல் சுருக்கலாம். அதற்கென்று நாங்கள் வைத்திருந்த தனி கோடையும் அழித்துவிட்டோம்.

இந்த மாதத்திலிருந்து எங்கள் ஆபீஸ் சார்பில் ஓப்பன் கலெக்டிவ் என்ற நிதி திரட்டும் தளம் வழியாக, நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள் சிலவற்றுக்கு ஒரு தொகை அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். சின்னத் தொகைதான். மாதம் தவறாமல் வரும்.

நன்றியுடன்,
கோவையிலிருந்து ஒரு வெப் டெவலப்பர்